எட்டேழு எங்கள் வரிசை இல்லை

ஜபல்பூர்
16-1-1997

அன்பு லில்லிக்கு,

நலம். நீயும் திரிஷாவும் நலமா?

பொங்கலன்று எஸ்.டி.டி. பூத்தில் நின்று உன்னிடம் கத்தியது தப்புதான். பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் இந்திக்காரர்கள். ஆனாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த மொழியில் நடந்தாலும் புரிந்துவிடுகிறது. வெளியே வந்தபோது ஒரு சர்தார்ஜி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். இனிமேல் போன் வேண்டாம் லில்லி. எழுதினால் வந்து சேர ஐந்து நாள் ஆகும், அதற்குள் சூடு ஆறியிருக்கும்.

ஆனால் விஷயம் ஆறவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை. "எட்டேழு எவ்வளவுமா?" என்று கேட்டேன், பேச்சு மூச்சு இல்லை. சரி, "ஆறெட்டு?" என்றேன். அதற்கும் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஜபல்பூர் வரைக்கும் கேட்டது. டீச்சர் பெற்ற பிள்ளை!

எல்லாம் நீ போய் வந்த புது முறைப் பயிற்சி செய்த வேலை. புளியங்கொட்டையை அடுக்கு, மணியைக் கோர்த்து விளையாடு, மனப்பாடம் மட்டும் செய்யாதே. கூரத்தில் உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடு. என் மகளிடம் வேண்டாம். இங்கே பட்டாளத்துச் சமையல் கூடத்தில் நூற்றெண்பது பேருக்கு ஆக்குகிறேன். எத்தனை சப்பாத்தி, எத்தனை பூரி என்று பேப்பரில் எழுதிப் பார்த்தா செய்கிறேன்? வாயில் இருக்கிறது கணக்கு. என் பந்தியில் பசியோடு எழுந்தவன் ஒருவன் இல்லை.

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வேலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டல் பள்ளிக்கு, அங்கேயே இருக்கும் என் தேவகி அக்காவிடம் விண்ணப்பம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் பன்னிரண்டு பரீட்சை. பதினாறாம் வாய்ப்பாடு வரை நிற்க வைத்துக் கேட்பார்களாம். தேறினால் ஐந்தாம் வகுப்பு அங்கேதான்.

கோபப்படாதே.

உன்
ராஜவேலு


செவிலிமேடு
25-1-1997

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாதே என்று கடைசி வரியில் எழுதிவிட்டால் ஆயிற்றா? முதல் வரியிலிருந்தே கோபம் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஐந்து நாள் கணக்கு பொய், உங்கள் கடிதம் சுடச்சுடத்தான் வந்தது.

என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு ஹாஸ்டலா? நீங்கள் வருஷத்தில் பத்து மாதம் அங்கே. எனக்கு இந்த வீட்டில் பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஆளுக்கொரு பஸ் பிடித்து, சாயங்காலம் யார் முதலில் வந்து கதவைத் திறப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு வாழ்கிறோம். அவளையும் அனுப்பிவிட்டு நான் யாருக்குக் கதவைத் திறப்பேன்?

இன்னொன்று. திரிஷா படிப்பது என் பள்ளியில் இல்லை. "நான் படிச்ச ஸ்கூல்லதான் என் பொண்ணும் படிக்கணும்" என்று சின்ன காஞ்சிபுரத்தில் சேர்த்தது யார்? உங்கள் ஸௌந்தரராஜன் சாரிடம்தான் படிக்கிறாள். அங்கே புளியங்கொட்டையும் இல்லை, மணியும் இல்லை. காலை பத்து மணிக்கு வாய்ப்பாடு ஆரம்பித்தால் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். அப்படிக் கத்தியும் எட்டேழு வரவில்லை என்றால் என் பயிற்சியின் மேல் ஏன் பாய்கிறீர்கள்?

எனக்கு வாய்ப்பாடு என்றாலே முட்டி வலிக்கும் மாமா. வாலாஜாபாத்தில் நான் படித்த பள்ளியில் ஒரு வரி தவறினால் மணலில் முட்டி போட வைப்பார்கள். பதினாறு வரை தலைகீழாகச் சொல்வேன், ஒன்றும் சந்தோஷமாகக் கற்றதில்லை. கூரத்தில் போன வருஷம் ஒரு பெண் ஆறாம் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். "ஆறு ஆட்டுக்கு எத்தனை கால்?" என்றேன். "ஆடு வாய்ப்பாட்டுல வராது டீச்சர்" என்றாள். அன்றைக்கு நிறுத்தினேன் அந்தக் கூச்சலை. இப்போது அதே பெண் கொட்டையை நாலு நாலாக அடுக்கி, நிதானமாக எண்ணி, இருபத்தி நாலு என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்.

லில்லி


ஜபல்பூர்
4-2-1997

அன்பு லில்லிக்கு,

நீ என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஸௌந்தரராஜன் சாரின் வகுப்பைக் கூச்சல் என்று சொல்லாதே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாலாம் வகுப்புக்கு வரும் வரை நானும் எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் கடைசிச் சுவர் ஓரமாகத்தான் உட்காருவோம். யாரும் வாய் திறந்து அங்கே போ என்று சொன்னதில்லை. அது அப்படித்தான் இருந்தது. சார் வந்த முதல் நாள், "எல்லாரும் எழுந்துருங்கோ, உயரப்படி நில்லுங்கோ" என்றார். அப்புறம் கோயிலில் பிரபந்தம் சொல்ல எதிரும் புதிருமாக இரண்டு வரிசை உட்காருவார்களே, அதே மாதிரி எங்களை உட்கார வைத்தார். நான் குள்ளம், அதனால் முதல் ஆள். எனக்குப் பக்கத்தில் ஸ்ரீவர்தன், கோயில் வீட்டுப் பையன். அவன் தோளும் என் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. "ஓரேழு ஏழு" என்று எங்கள் வரிசை சேர்ந்து கத்தினபோது எது அவன் குரல், எது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வழியெல்லாம் கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உனக்கு வாய்ப்பாடு என்றால் மணல். எனக்கு அந்த வரிசை. அது என் மகளுக்கும் வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

ஆனால் சாருக்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது. இல்லாவிட்டால் எட்டேழுக்குப் பிள்ளை முழிப்பாளா? அதனால்தான் வேலூர். விண்ணப்பம் போய்விட்டது. அவளுக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று நீயே உட்கார்ந்து ஒரு முறை கேட்டுப் பாரேன். பிறகு பேசலாம்.

ராஜவேலு


செவிலிமேடு
16-2-1997

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்து கொண்டு படியுங்கள். கையில் கரண்டி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன். "ஓரேழு?" "ஏழு!" "மூவேழு?" "இருபத்தொண்ணு!" "ஒன்பதேழு?" "அறுபத்திமூணு!" பட்டாசு மாதிரி வருகிறது. எனக்கே பெருமையாக இருந்தது. "எட்டேழு?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அது எங்க லைன் இல்லம்மா. அது சந்தோஷ்குமார் லைனு" என்றாள்.

"இன்னாடி லைனு?"

"எங்க சைடு ஓரேழு சொல்லும், அவங்க சைடு ஈரேழு சொல்லும். மறுபடியும் நாங்க மூவேழு. அவங்க சொல்லும்போது நாங்க வாய மூடிக்கினு இருக்கணும். எட்டேழு அவங்களுது. நான் எப்பிடி சொல்றது?"

மாமா, உங்கள் மகளுக்கு ஒவ்வொரு வாய்ப்பாட்டிலும் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை வரிகள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. இரட்டைப்படை வரி ஒன்றும் வராது. பதினாறு வரை கேட்டுவிட்டேன். எல்லாம் பாதி.

வியாழக்கிழமை எங்களுக்கு உள்ளூர் விடுமுறை. நேராகச் சாரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. "நீயே பாரும்மா" என்று திரிஷாவின் வரிசையில் ஒரு பிள்ளையை எழுப்பி "நாலேழு?" என்றார். முழித்தது. அந்த வரிசையில் சந்தோஷ்குமாரை எழுப்பி "ஐயேழு?" என்றார். அவன் எதிர் வரிசையைக் கை காட்டினான். ஏழெட்டுப் பேரை எழுப்பினார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப் பெருமாளே! இருபத்தெட்டு வருஷமா பாதிப் பிரசாதம்னா குடுத்துண்டிருந்திருக்கேன்! வருஷம் பூரா ஒருத்தரையும் இடம் மாத்தலையே நான். தனியா எழுப்பி ஒருநாள் கேக்கவும் தோணலையே!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. சிரித்தார் மாமா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தன.

அந்த நேரத்தில் திரிஷா எழுந்து, "சார், எட்டேழு ஐம்பத்தாறு" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "யாரும் இல்ல சார். ஏழேழு நாப்பத்தொம்பது எங்க லைனு. ஒன்பதேழு அறுபத்திமூணும் எங்க லைனு. நடுவுலதான அவங்க லைன் இருக்குது? ரெண்டுக்கும் நட்ட நடுவுல ஐம்பத்தாறு" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் மனப்பாடம் செய்ய வைக்காவிட்டால் நாற்பத்தொன்பதும் அறுபத்திமூன்றும் அவளிடம் இருந்திருக்காது. பாதியை மறைத்து வைக்காவிட்டால் நடுவில் தேடியிருக்கவும் மாட்டாள்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நீங்களும் அதே சாரிடம், அதே வரிசையில், முதல் ஆள். உங்கள் வரிசை "ஓரேழு ஏழு" என்று கத்தியதாகப் போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, எட்டேழு எவ்வளவு? யாரையும் கேட்காமல் எழுதுங்கள்.

லில்லி


ஜபல்பூர்
25-2-1997

லில்லி,

நீ டீச்சர் வேலையில் இருக்க வேண்டியவள் இல்லை, போலீஸில் இருக்க வேண்டியவள்.

எனக்கும் பாதிதான்.

யோசித்தால் வரும். வாயில் வராது. இந்த உண்மையைக் கல்யாணமான பதினோரு வருஷமாக உன்னிடம் மறைத்திருக்கிறேன். பெண்டாட்டி டீச்சர், புருஷனுக்கு எட்டேழு தெரியாது என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? நான் மட்டும்தான் மக்கு என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். சார் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சமையல் கூடத்தில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்பாய். சுலபம். ஒரு பந்தியில் எட்டுப் பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு ஏழு சப்பாத்தி. எட்டேழு என் வரிசை இல்லை. அதனால் அடுத்த வரிக்குத் தாவி ஒன்பதேழு அறுபத்திமூன்று என்று தட்டிவிடுவேன். ஆறு பேருக்கு எட்டுப் பூரி என்றால் ஏழெட்டு ஐம்பத்தாறு. இப்படித்தான் பன்னிரண்டு வருஷம். ஒரு நாளும் குறைந்ததில்லை, எப்போதும் மேலேதான். "ராஜுவின் கை தாராளம்" என்று இந்தப் படைப்பிரிவில் எனக்கு நல்ல பேர். போன வருஷம் வந்த புது மேஜர் எல்லோர் எதிரிலும் கை குலுக்கி, "பிள்ளைக்குத் தாய் ஆக்கிப்போடுகிற மாதிரி ஆக்குகிறாய்" என்று பாராட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தேன். தாயாவது மண்ணாங்கட்டியாவது, இரட்டைப்படை தெரியாத பயல்!

உன் கடிதம் வந்த மறுநாள் ரோஷம் வந்து, விரலால் எண்ணிச் சரியாக ஐம்பத்தாறு போட்டேன். "ராஜுவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள். மறுபடி அறுபத்திமூன்றுக்கே போய்விட்டேன்.

இன்னொரு வெட்கக்கேடு. போனில் திரிஷாவிடம் எட்டேழும் ஆறெட்டும் கேட்டேன் பார். எனக்குத் தெரியாததாகத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். அவள் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் சபாஷ் என்றிருப்பேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? இப்போது இதையும் கேள். இதனால்தான் எனக்கு வேலூர் வேண்டும். இத்தனை வருஷம் யாராவது கணக்குக் கேட்டுவிடுவார்களோ என்று உள்ளே ஒரு பயத்தோடுதான் கரண்டி பிடிக்கிறேன். அந்தப் பயம் என் மகளுக்கு வேண்டாம். அவளுக்கு முழுசாக வேண்டும். நீ அவளைத் தயார் செய், லில்லி. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ராஜவேலு


செவிலிமேடு
9-3-1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு தையல்நாயகி அக்கா ஓடி வந்துவிட்டார்கள். காட்டவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் மானம் பீரோவில் பூட்டி இருக்கிறது.

ஆனால் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அழுதேன். பதினோரு வருஷமா? என்னிடமா? அசடு மாமா நீங்கள்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் கூரத்துக்கு அதிகாரி வந்தார். என் பிள்ளைகளிடம் "ஏழு வரிசையில் எட்டெட்டு மரம், மொத்தம் எத்தனை?" என்றார். எல்லோருக்கும் கணக்கு புரிந்தது. எல்லோரும் கொட்டையை அடுக்க ஆரம்பித்தார்கள். அடுக்கினார்கள், அடுக்கினார்கள், சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வழி தெரிந்த பிள்ளைகள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடக்கிறார்கள். மறுநாள் முதல் அடுக்கி முடித்ததைப் பாட்டாகச் சொல்ல வைக்கிறேன். முட்டி போட வைக்கவில்லை. சுற்றி உட்கார்ந்து கைதட்டிச் சொல்கிறோம். எனக்கே பிடித்துப்போய்விட்டது, சிரிக்காதீர்கள்.

சார் இப்போது திங்கட்கிழமைதோறும் வரிசையை இடம் மாற்றுகிறார். என்னிடம் கொட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்காத்துக்காரர் எப்படிம்மா சமாளிக்கறார்?" என்று விசாரித்தார். தாராளமாகச் சமாளிக்கிறார் என்றேன்.

உங்களுக்கு ஒரு பாடம். எட்டு எட்டாக ஏழு வரிசை கொட்டை அடுக்குங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு, அது உங்கள் வரி. இப்போது எழுந்து பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். ஏழு ஏழாக எட்டு வரிசை. அதே கொட்டை, அதே ஐம்பத்தாறு. இத்தனை வருஷமாக எட்டேழு உங்கள் வாயிலேயேதான் இருந்திருக்கிறது! ஆறெட்டு மாதிரி இரண்டுமே இரட்டைப்படையாக வந்தால் மட்டும் உங்கள் மகள் சொன்னபடி நடுவில் தேடுங்கள். ஐயெட்டு நாற்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு, நடுவில் நாற்பத்தெட்டு.

திரிஷா தயாராகிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் ஒரு வரி, நான் ஒரு வரி. மறுநாள் மாற்றிக்கொள்கிறோம். பதின்மூன்று வரை முழுசாக வந்துவிட்டது.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் மாமா. நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவாள். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் என்னிடமே இருப்பாள், ஆனால் அப்புறம் நான் என்ன டீச்சர்? ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாய் வரவில்லை. சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வாய்ப்பாடு முடியும்போதும் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொள்கிறேன்.

லில்லி


செவிலிமேடு
13-4-1997

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று வேலூர் போய் வந்தோம். தேவகி அண்ணி கூடவே இருந்தார்கள்.

தேறிவிட்டாள். முதல் ஆளாக.

நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். சிஸ்டர் அவளை நிற்க வைத்து ஆறெட்டு கேட்டார், சொன்னாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் எட்டாவது வரி கேட்டார், நூற்றிருபத்தெட்டு என்றாள். பன்னிரண்டாவது வரி கேட்டபோது கொஞ்சம் நின்றாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். சொல்லாதே என்று ஒரு மனசு, சொல்லுடி கண்ணு என்று ஒரு மனசு. "பதினொண்ணு நூத்தி எழுபத்தாறு, பதிமூணு இருநூத்தி எட்டு, நடுவுல நூத்தி தொண்ணூத்திரண்டு" என்று வாய்விட்டே கணக்குப் போட்டுச் சொன்னாள். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். "ஒரு லைன் எங்க சார், ஒரு லைன் எங்க அம்மா. நடு லைன் நானே" என்றாள்.

ஜூன் ஐந்தாம் தேதி கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். மே பதினைந்துக்குள் பதில் எழுத வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆற்காடு வரை அழுதேன். அவள் என் மடியில் தலை வைத்து, "அங்க போனா யாரு கூடம்மா லைன் சொல்றது?" என்றாள்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். இனி நீங்கள் சொல்வதுதான்.

லில்லி


ஜபல்பூர்
21-4-1997

என் அன்பு லில்லிக்கு,

உன் கடிதத்தைச் சமையல் கூடத்திலேயே பிரித்தேன். முதல் ஆள் என்ற வரியைப் படித்ததும் போட்ட கத்தலில் மாவு பிசைந்துகொண்டிருந்த பையன்கள் ஓடி வந்தார்கள். என் மகள் முழுசாகச் சொன்னாள் என்றேன். எதை என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். அன்று இரண்டு வேளையும் பாயசம் போட்டேன்.

அப்புறம் மிச்சத்தைப் படித்தேன். ஆற்காடு வரை அழுதாயா? எனக்குத் தெரிந்து ஜன்னலில் காற்று வந்தாலே தூங்கிவிடுகிறவள் நீ.

அவளுக்கு வாய்ப்பாடு முழுசாக வேண்டும் என்றுதான் வேலூரைக் கேட்டேன். முழுசாக வந்துவிட்டது. போதாததற்கு நடுவில் தேடவும் தெரிந்திருக்கிறது. அதை உங்கள் இருவரிடமும்தான் படித்திருக்கிறாள். வேலூரில் இதற்கு மேல் என்ன வைத்திருக்கிறார்கள்? ஒரு லைன் சாரிடம், ஒரு லைன் உன்னிடம் என்று சொன்னவள், அப்பாவிடம் என்று ஒரு லைன் சொல்லவில்லை பார்த்தாயா? நான் பத்து மாதம் தள்ளி இருந்துகொண்டு கடிதத்தில் மிரட்டியதுதான் என் பங்கு.

சிஸ்டருக்கு நானே எழுதிவிட்டேன். இடம் கொடுத்ததற்கு நன்றி, என் மகள் வீட்டிலிருந்தே படிப்பாள் என்று. தேவகி அக்காவுக்கும் எழுதிவிட்டேன், திட்டுவாள், பரவாயில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் இருப்பதும் ஒரு ஹாஸ்டல்தான் லில்லி. நம் வீட்டில் ஹாஸ்டலுக்கு ஒரு ஆள் போதும்.

இன்றைக்கு ஒரு பந்தியில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தேன், ஐம்பத்தாறு என்று சட்டென்று வாயில் வந்தது. அறுபத்திமூன்றுதான் போட்டேன். ஆனால் இந்த முறை தெரிந்தே போட்டேன்.

லீவு கிடைத்துவிட்டது. மே ஒன்பதாம் தேதி காலை அரக்கோணத்தில் இறங்குகிறேன். இரண்டு பேரும் வந்து நில்லுங்கள்.

உன்
ராஜவேலு